ஆறாம் வகுப்புக்கு ஒரு கொலை

"வீ...ல்!"

தலைமையாசிரியை மங்கலத்தின் அலறலில் வேப்பமரத்துக் காகங்கள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன.

கடலூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் நண்டுமேடு பேரூராட்சி. அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறை கிடையாது. மரத்தடிதான் வகுப்பு.

அந்த மரத்தடியில்...

கரும்பலகைக்கு எதிரே, பிள்ளைகள் உட்காரும் இடத்தில், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பேரூராட்சித் தலைவர் சுப்புராயன்.

அவருடைய துண்டே அவர் கழுத்தை இறுக்கியிருந்தது.

கண்கள் கரும்பலகையையே பார்த்துக் கொண்டிருந்தன... பார்க்காமல்!

---

போலீஸ் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டர் ஜான்சி பிணத்தைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். மங்கலத்தைப் பார்த்தாள்.

"நீங்க பாத்தப்ப மணி என்ன டீச்சர்?"

"ஒன்பதடிக்கப் போவுற நேரம் மேடம். கேட்டைத் தொறந்து உள்ள வந்தேன். யாரோ குடிச்சிட்டு ஒக்காந்திருக்காங்கன்னு நெனச்சு, எழுந்திருய்யான்னு அதட்டினேன்..."

"எழுந்திருக்கலையா?"

மங்கலம் முறைத்தாள்.

"ஒரு மனுசன் செத்துக் கெடக்கிறாரு. உங்களுக்குக் கிண்டலா இருக்கா?"

"எனக்கு வாரம் ஒருத்தர் சாவுறாங்க டீச்சர். எல்லாத்துக்கும் அழுதா கண்ணு தாங்காது. யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. ராஜ்கமல்!"

பக்கத்தில் நின்றிருந்த ஏட்டு குப்பன் காதைத் தீட்டினார்.

"சிதம்பரத்து பில்டர் ராஜ்கமலா? ராஜ்கமல் நகர் கட்டினவரு?"

"அவனேதான்! வீடு கட்டி வித்துட்டு அவன் போயிட்டான். குடி வந்தவுங்க புள்ளைங்களையெல்லாம் எங்க அனுப்புவாங்க? இங்கதான! ரெண்டு வருஷத்துல புள்ளைங்க ரெட்டிப்பாயிடுச்சு. ரூம் மட்டும் அதே பழைய ரூம். இப்ப ரெண்டாவது நகர் வேற போடப் போறான். அந்தப் புள்ளைங்களை நான் மரத்து மேலயா ஏத்தி வெக்கிறது?"

"அதுக்குத் தலைவர் என்ன பண்ணினாரு?"

"தீர்மானம் கொண்டாந்தாரு. நகர் போடறவன் வீட்டுக்கு இவ்வளவுன்னு பள்ளிக்கூடக் கட்டணம் கட்டணும். அந்தப் பணத்துல வகுப்பறை கட்டணும். கட்டினாத்தான் ப்ளான் அப்ரூவல். இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஓட்டு. கவுன்சிலருங்க ஏழுக்கு ஏழு நிக்கிறாங்க. தலைவர் ஓட்டுலதான் முடிவு..."

மங்கலம் பிணத்தைப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"அந்த ஓட்டைத்தான் கழுத்தை நெரிச்சிட்டாங்க மேடம்! எம் புள்ளைங்களுக்குக் கூரை வருமா வராதான்னு இப்பச் சொல்லுங்க!"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல டீச்சர்."

வாசலில் ஒரே கூச்சல்!

சுப்புராயனின் மனைவி அஞ்சம்மாள் தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கைலி கட்டிய ஒருவன். வலுவான தோள். உப்புக் காற்றில் காய்ந்த முகம்.

"யாருய்யா நீ?"

"பூவரசன். அக்கா புருசன் மேடம் அவரு... ஐயோ மாமா! அந்த ராஜ்கமலை வுட்டுடாதீங்க மேடம்!"

பிணத்தைச் சோதித்த டாக்டர் ஜான்சியின் காதருகே குனிந்தார்.

"காலை அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. மத்தது போஸ்ட்மார்ட்டத்துல."

குப்பன் சேர்த்துக்கொண்டார்.

"தலைவரு தெனமும் அந்த நேரத்துல இந்த கிரவுண்டுலதான் வாக்கிங் மேடம். அந்தப் பக்கம் காம்பவுண்டு இடிஞ்சு கெடக்கு. யாரு வேணா உள்ள வரலாம்."

"சிதம்பரத்துக்கு வண்டியை விடச் சொல்லுங்க ஏட்டய்யா."

---

சிதம்பரம்.

தெற்கு வீதியைத் தாண்டி ஒரு புது வீட்டில் கிரகப்பிரவேசம். வாசலில் வாழைமரம். பந்தியில், பாதி தின்ற ஜாங்கிரியோடு ராஜ்கமல். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி.

ஜான்சி அவன் இலைக்கு எதிரே போய் நின்றாள்.

"சுப்புராயன் செத்துட்டாரு."

"கேள்விப்பட்டேன். ஒக்காருங்க மேடம். வத்தக்கொழம்பு நல்லா இருக்கு."

"காலையில அஞ்சு மணிக்கு எங்க இருந்தே?"

"இதே வாசல்ல. நான் கட்டின வீடு மேடம் இது. மாட்டை உள்ள ஓட்டினதே நான்தான். நூறு பேரு பாத்தாங்க. வேணும்னா மாட்டையும் விசாரிச்சுக்குங்க."

"மாட்டை நம்பலாம். உன்னை நம்ப முடியல. ஆளை வெச்சுச் செஞ்சிருப்பே."

ராஜ்கமல் ஜாங்கிரியை வைத்துவிட்டு விரலை நக்கினான்.

"எதுக்கு?"

"கட்டணம் கட்டாம தப்பிக்க!"

அவன் சிரித்தான். பந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்!

"மேடம்... அந்தக் கட்டணத்தை நானா கட்டப் போறேன்? வாங்கறவன் தலையில வெச்சா வீடு விக்காது. அதனால நெலம் குடுக்கிறவன் தலையில வெப்பேன். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு போவுதுப்பா, அதை உன் வெலையில கழிச்சிக்கிறேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எனக்கு ஒத்த ரூபா நஷ்டம் கெடையாது. இதுக்குப் போயி கொலையா? எனக்கு வேற வேலை இல்ல?"

"எச்சக்கையால சொல்றதால நம்பணுமா?"

"கையைக் கழுவிட்டு வந்தும் இதையேதான் சொல்லுவேன்."

ஜான்சியின் புருவம் சுருங்கியது.

"ரெண்டாவது நகருக்கு நெலம் குடுக்கிறது யாரு?"

"நண்டுமேட்டு சவுக்குத்தோப்பு. அக்ரிமென்ட் போட்டாச்சு. பத்திரம் இன்னும் ஆவல. பூவரசன்னு ஒருத்தன்..."

யாரோ கொடுத்த மோர் டம்ளரைக் குப்பன் டக்கென்று கீழே வைத்தார்!

"வெலையில கழிப்பேன்னு அவன்கிட்டச் சொன்னியா?"

"நேத்து சாயங்காலம்தான் போன்ல சொன்னேன். புது போட் வாங்கணும்னு கனவுல இருந்தான் பாவம். கத்தினான். உன் மாமனைப் போயிக் கேளுடான்னு வெச்சிட்டேன்."

ஜான்சி திரும்பி நடந்தாள்.

"மேடம், சாப்புடாம போறீங்களே!"

"உன் வூட்டு உப்பைத் தின்னா நாளைக்கு உன்னைப் புடிக்கிறப்ப கை நடுங்கும்!"

---

ஜீப்பில் குப்பன் தலையைச் சொறிந்தார்.

"காரணம் கெடைச்சுது மேடம். ஆனா சாட்சி? வூட்டுல தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிட்டான்னா?"

"சொல்லட்டும். முதல்ல கடக்கரைக்கு விடுங்க."

நண்டுமேட்டுக் கரை. படகுகள் எல்லாம் மணலில் வரிசையாய்க் கிடந்தன. ஒரு படகு நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான் அரவிந்தன். பூவரசன் படகில் போகிற ஆள்.

போலீஸைக் கண்டதும் பீடியை மணலில் புதைத்தான்.

"ஏம்பா, ஒரு போட்டு கூடக் கடலுக்குப் போகலையா?"

"சாவு வுழுந்திருக்கே மேடம்! ஊர்ல ஒரு சாவுன்னா, எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் கடல்ல கால் வெக்க மாட்டோம். டீச்சரம்மா கத்தினாங்கன்னு சேதி வந்துச்சு பாருங்க... அத்தோட எல்லாப் போட்டையும் ஏத்திப் போட்டாச்சு."

"அதுக்கு முன்னாடி? காலையில?"

"காலையில எல்லாப் போட்டும் போச்சு. விடிய வலை தூக்கணும்ல. எங்க போட்டுதான் போவல."

ஜான்சி சட்டென்று நின்றாள்.

"ஏன்?"

"பூவரசண்ணன் வேணாம்னுட்டாரு. நேத்து போட்ட வலை போட்டபடி கடல்லயே கெடக்கு மேடம். நண்டு கடிச்சு நாறிப் போயிருக்கும்."

"இஞ்சின் கோளாறா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. ஒடம்பு முடியலன்னா நீ படு அண்ணே, நாங்க போயிட்டு வர்றோம்னு சொன்னோம். என் போட்டை எவனும் தண்ணியில எறக்கக் கூடாதுடான்னு சாமி வந்தவன் மாதிரி கத்தினாரு. வலையைக் கடல்ல வுட்டுட்டு கரையில ஒக்காந்த ஆளை இப்பத்தான் மேடம் பாக்கிறேன்."

"அப்ப மணி என்ன இருக்கும்?"

"ஆறு. கெழக்க வெளுத்திடுச்சு."

ஜான்சி குப்பனைப் பார்த்தாள். குப்பன் ஜான்சியைப் பார்த்தார்.

ஊருக்குச் சாவுச் செய்தி தெரிந்தது ஒன்பது மணிக்கு.

ஆறு மணிக்கே துக்கம் காத்தவன் ஒருவன்தான்!

---

சாவு வீட்டுப் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான் பூவரசன்.

"கொஞ்சம் வாப்பா."

"என்னா மேடம்? புடிச்சிட்டீங்களா அந்த நாயை?"

"புடிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உன் போட்டை எடு. கடல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

அவன் முகம் கறுத்தது.

"வெளையாடறீங்களா? மாமா பொணம் ஆசுபத்திரியில கெடக்கு. கடல்ல கால் வெச்சா கடலு சும்மா வுடுமா? தீட்டு!"

"சரி. காலையில ஆறு மணிக்கு என்ன தீட்டு?"

பூவரசன் அடுத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

"ஊரே கடலுக்குப் போச்சு. உனக்கு மட்டும் சாவு தெரிஞ்சிருக்கு. யாரு சொன்னா? சுப்புராயனே வந்து, மச்சான் நான் செத்துட்டேன்னு சொல்லிட்டுப் போனாரா?"

நாற்காலி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கெஞ்சினேன் மேடம்... மாமா, தீர்மானத்தை வுட்டுடு, என் தோப்புப் பணத்துல கை வெக்கிறான்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன். உங்கிட்டல்லாம் சொல்லிட்டு செய்யணுமாடா, போடா மீன்காரப் பயலேன்னாரு. இவரு மட்டும் யாரு? எங்கப்பன் போட்டுல வலை இழுத்தவன்தான! துண்டைப் புடிச்சேன்... வுடணும்னு கை வரல..."

"கொன்னது தப்புன்னு தோணல. போட்டை எறக்கறது தப்புன்னு மட்டும் தோணிச்சா?"

"என் போட்டுல இன்னும் மூணு பேரு வர்றாங்க மேடம். என் பாவத்துக்கு அவுங்க முழுவணுமா?"

ஜான்சி விலங்கை மாட்டினாள்.

"உன் பொண்ணு மோனிகா எத்தனாவது படிக்குது?"

"ஆ... ஆறாவது."

"அப்ப அந்த மரத்தடியிலதான் ஒக்காருது. அங்கயே உன் மாமன் பொணத்தைக் கொண்டாந்து ஒக்கார வெச்சிட்டியேடா!"

பின்னால் ஒரு சத்தம்.

அஞ்சம்மாள்! எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். தம்பியை நோக்கி நடந்து வந்தாள். அழவில்லை. காறித் துப்பினாள். திரும்பிப் போய்விட்டாள்.

---

தள்ளிவைத்த கூட்டம் அடுத்த வாரம் கூடியது.

மேடையில் சுப்புராயனின் படம். ரோஜா மாலை. ஊதுபத்தி. எதிரே கீழே, தரையில், அஞ்சம்மாள்.

எதிர்த்து ஓட்டுப் போட வந்த ஏழு பேரும் படத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். வெளியே கூடியிருந்த ஊரைப் பார்த்தார்கள்.

எந்தக் கையும் எதிர்த்து உயரவில்லை.

பள்ளிக்கூடக் கட்டணம்... ஒருமனதாக நிறைவேறியது!

அன்று மாலை ஜான்சியின் செல்போன் அலறியது.

"மேடம்! அநியாயம் மேடம்! ராஜ்கமல் பேசறேன்!"

"உனக்கென்ன? நெலக்காரன் தலையில கட்டிடுவியே?"

"எங்க கட்டறது? தோப்புல அந்தம்மாவுக்கும் பாதிப் பங்காம்! எம் புருசன் உசுரைக் குடுத்த கட்டணம், அதுல ஒரு ரூபா கழிச்சாலும் கையெழுத்து கெடையாதுன்னு வெளக்குமாத்தைத் தூக்குது மேடம்! மொத்தமும் என் தலையில வுழுந்திடுச்சு. அந்த ஆளு என்னை ஏமாத்திட்டான்!"

"எந்த ஆளு?"

"செத்தவன்தான்! சாவுறதுக்கு மொத நாள் ராத்திரியே பல்டி அடிச்சிட்டான் மேடம். பூவரசன் கத்தின கத்துல பத்திரம் கை நழுவிடுமோன்னு நான்தான் போயிப் பேசினேன். சிதம்பரத்துல ஒரு ஃப்ளாட்டு, பினாமி பேருல. பதினோரு மணிக்குத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்னு தில்லை நடராசர் மேல சத்தியம் பண்ணினான்!"

ஜான்சி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குப் பந்தியில இதை ஏன் சொல்லல?"

"சொன்னா லஞ்சக் கேசுல உள்ள தள்ளிடுவீங்களே!"

"இப்பச் சொல்லிட்டியே?"

மறுமுனையில்...

டொக்!

"ஏட்டய்யா, ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. வத்தக்கொழம்பு சாப்புடப் போவணும்."

சொல்லிவிட்டு லாக்கப்பை நோக்கி நடந்தாள். விசாரணைக்காகக் கடலூர் ஜெயிலிலிருந்து கஸ்டடியில் எடுத்து வந்திருந்த பூவரசன் சுவரோரம் சுருண்டிருந்தான்.

"பூவரசா. உன் மாமா அந்தத் தீர்மானத்தை அன்னிக்கே வாபஸ் வாங்கறதா இருந்தாரு. நீ சும்மா வூட்டுல படுத்துத் தூங்கியிருந்தா, கட்டணமும் இல்ல, கொலையும் இல்ல."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண்கள் பிதுங்கின.

"அப்ப... நான் எதுக்கு மேடம்...?"

பதில் சொல்ல ஜான்சி வாயைத் திறந்தபோது, வாசலில் மங்கலம். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. முகமெல்லாம் சிரிப்பு.

"எடுத்துக்குங்க மேடம்! வெள்ளிக்கெழம வகுப்பறைக்கு அஸ்திவாரம். கல்வெட்டுக்கு ஆர்டர் குடுக்கப் போறேன். ஒரு யோசனை கேக்கணும். இந்த ரூமு வர்றதுக்குக் காரணமா இருந்தவரு பேரைத்தான் பெருசா வெட்டணும்னு ஊர்ல சொல்றாங்க. என்னா சொல்றீங்க?"

ஜான்சி ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். லாக்கப் பக்கம் கட்டை விரலைக் காட்டினாள்.

"நியாயந்தான் டீச்சர். அவரு உள்ளதான் இருக்காரு... இனிஷியலைக் கேட்டுட்டுப் போங்க!"