சில்லிட்ட தூக்கம்

"ஐயய்யோ...!"

வேலைக்காரம்மா போட்ட அலறலில் அடுத்த தெருக்காரர் பால் பாத்திரத்தைக் கீழே போட்டார். அதற்கடுத்த தெருவில் ஒரு நாய் குரைப்பதையே மறந்துபோனது!

ஹால் சோபாவில் பர்னிச்சர் கடை முதலாளி.

கழுத்தில் சார்ஜர் ஒயர். விறைத்த பிணம்!

இன்ஸ்பெக்டர் வந்தார். உடைந்த பீரோவைப் பார்த்தார். அதிலிருந்த நகைகள் டிரைவரின் அறையில் கிடைத்தன. முந்தின நாள்தான் டிரைவர் முதலாளியோடு வாசலில் நின்று சண்டை போட்டிருந்தான்.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"மாடியில தூங்கிட்டிருந்தேன் சார்." முதலாளியின் மனைவி மணிக்கட்டை நீட்டினாள். "தூக்க ஆராய்ச்சிக்காக இந்தப் பட்டையைக் கட்டிவிட்டிருக்காங்க. அவங்களையே கேளுங்க."

கேட்டார். ஒரே ஒரு தாள் வந்தது.

'இரவு முழுவதும் ஆழ்ந்த உறக்கம்.'

டிரைவர் உள்ளே போனான்!

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் டேட்டா சரிபார்ப்பவளுக்குப் பட்டப்பெயர் கழுகு. லாரி லாரியாக எண்களைக் கொட்டினாலும் தப்பானதை மட்டும் கொத்தி எடுத்துவிடுவாள்.

இன்னொரு விஷயம்... டிரைவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி!

கழுகு அந்த இரவின் டேட்டாவைத் திறந்தாள். பார்த்தாள். ஆராய்ச்சித் தலைவரான டாக்டரை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள்.

"சார்... இந்தம்மா ராத்திரி பூரா ஒரு தடவைகூடப் புரளல!"

"கொடுத்து வெச்சவங்க. எனக்கெல்லாம் மாத்திரை போட்டாலும் வரமாட்டேங்குது."

"செத்தவங்கதான் சார் இப்படித் தூங்குவாங்க!"

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"போலீஸுக்குப் போன தாள் அசைவை மட்டும் வெச்சு எழுதினது. ஆனா பட்டை தோலோட சூட்டையும் அளக்குது. மேஜைல கழட்டி வெச்சிருந்தா சூடு சட்டுனு போயிருக்கும். இதுல கொஞ்சம் கொஞ்சமா இறங்குது... பொழுது விடியறப்போ நாற்காலிக்கு என்ன சூடோ அதே சூடு!"

"அப்படின்னா..."

"பட்டை புருஷன் பிணத்துல இருந்திருக்கு! அந்த நேரத்துல பீரோவை உடைச்சு, நகையை என் தம்பி ரூம்ல வெச்சிட்டு, அப்புறம் தன் கையில மாட்டியிருக்காங்க. இங்க பாருங்க... சூடு ஒரே தாவா எகிறுது!"

டாக்டருக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

டேட்டா அறைக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது. கழுகு மேஜை போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்தாள். மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இந்தாம்மா, அக்கா பேச்சு கோர்ட்ல எடுபடாது. டேட்டா வேணும். நாளைக்கு ஆர்டரோட வந்து எடுத்துக்கறேன். பத்திரம்!"

போனை வைத்தாள்.

கதவு திறந்தது.

முதலாளியின் மனைவி! கண்ணில் நீர்... உதட்டில் புது லிப்ஸ்டிக்!

"மனசே சரியில்ல டாக்டர். நான் ஆராய்ச்சியிலேர்ந்து விலகிக்கறேன். என் டேட்டாவை எல்லாம் அழிச்சிடுங்க. இப்பவே... என் கண் முன்னாடி."

"முடியாதுன்னு சொல்லுங்க சார்!"

டாக்டர் தரையைப் பார்த்தார். "கேட்டா உடனே அழிக்கணும்மா. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கோம். மறுத்தா மொத்த ஆராய்ச்சியையும் இழுத்து மூடிடுவாங்க."

"என் தம்பியைத் தூக்குல போட்டுடுவாங்க சார்...!"

அவர் பட்டனை அழுத்தினார்.

திரை வெறுமையானது.

"போலீஸ்கிட்ட இருக்கிற தாளு?" கழுகு விடவில்லை.

"அது வெளியே போயிடுச்சே. அதை நம்மால அழிக்க முடியாது."

"தேங்க்ஸ் டாக்டர்" என்றாள் அந்தம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டேஷன். கம்பிக்குப் பின்னால் தம்பி.

"அக்கா... டேட்டா கிடைச்சுதா? நான் வெளிய வந்துடுவேன்ல?"

கழுகு வெறுங்கையை விரித்தாள். அவன் புரிந்துகொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் கோர்ட் ஆர்டரை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் எதையுமே பார்க்கலையாம். இனி என் கையில ஒண்ணுமில்லம்மா. ஆமா... கேட்டா அழிச்சே ஆகணும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சேர்றப்போ சம்மதப் படிவத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டாங்க."

"யாருமே படிக்காததை முழுசாப் படிச்சாளா?" இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "ஏம்மா, அப்பவே எனக்கு ஒரு போன் அடிச்சிருக்க வேணாமா!"