உப்பளத்துப் பாதக் களிம்பு

பிளாரன்ஸ் உள்ளே வந்ததும் மேசைமீது இரண்டு டப்பாக்களை வைத்தார். இரண்டிலும் ஒரே லேபிள்: ‘பிளாரன்ஸ் பாதக் களிம்பு’. உமாராணி உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

“ஒண்ணு என்னுது. இன்னொண்ணு போலி மேடம். போலியப் பூசின வடிவம்மாளுக்குக் கால் வெந்து, சீழ் வச்சு, நேத்து பாதத்தையே எடுத்துட்டாங்க. உப்பளத்துல வேலை பாக்குதவ, சர்க்கரை வேற. போலீஸ் என்னைய வரச் சொல்லியிருக்கு. ஜெயிலப் பத்திக் கவலையில்ல. அந்தக் காலை எடுத்தது என் மருந்தில்லன்னு எனக்குத் தெரியணும்.”

உமாராணி டப்பாக்களைத் திறந்தார். துறைமுகத்தில் நெடுங்காலம் சர்வேயராக இருந்தவர் அவர். சரக்கு கெட்டது கப்பலிலா கரையிலா என்று பார்த்துச் சொல்வதே தொழில். ஓய்வு பெற்றபின் மனிதர்கள் கெட்டுப்போன இடத்தைத் தேடிச் சொல்கிறார். உதவியாளர் சிலுவை பழைய கிரேன் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியும் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

“அக்காவுக்குக் களிம்பு செஞ்சு குடுக்க ஆலைக்காரன்தான்!” என்றார் சிலுவை. “ரகசியத்தத் தொடமாட்டேன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா யோக்கியனாயிருவானா?”

“கொஞ்சம் சும்மா இரும்” என்ற உமாராணி பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். “களிம்பு எப்படித் தயாராகுது?”

“எண்ணெயும் தேன்மெழுகும் ஆலையில உருக்குவாங்க. அது ஊரறிஞ்ச சங்கதி. அதுல சேர்க்குத மருந்துக் கூட்டு மட்டும் வீட்டுல, கதவச் சாத்திக்கிட்டு நான் தயாரிக்கேன். கேன்ல கொண்டு போயி என் கையாலயே ஊத்துவேன். அது என்னன்னு முதலாளி சங்கரபாண்டியனுக்கும் தெரியாது, கெமிஸ்ட் ரம்யாவுக்கும் தெரியாது.”

“கூட்டுக்குச் சாமான்?”

“என் கொழுந்தன் ரெக்சன் வாங்கியாந்து வாசல்ல வச்சிருவான். கடைகளுக்குச் சரக்குப் போடுததும் அவன்தான். அவுக போனப்புறம் எனக்கு அவன் ஒருத்தன்தான் ஒத்தாசை.”

உமாராணி போலிக் களிம்பை விரலில் தேய்த்தார். நறநறத்தது. அடுக்களையிலிருந்து மஞ்சள்தூள் எடுத்து வந்து, துளி நீர் விட்டு இரண்டிலும் குழைத்தார். பிளாரன்ஸின் களிம்பு லேசாகச் சிவந்தது. போலி, ஆரத்தித் தட்டுபோல ரத்தச் சிவப்பாயிற்று.

பிளாரன்ஸ் இப்போது உட்கார்ந்தார். மறைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கிளிஞ்சல் சுண்ணாம்புதான் மேடம். தண்ணியில கரைச்சு, அடங்க விட்டு, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் இறுத்து எடுப்பேன். அடியில கிடக்க சுண்ணாம்பு புண்ணுல பட்டா வெந்துபோகுமே! யாரு பாவி அதச் சேர்த்தது?”

அன்று பிற்பகல் சங்கரபாண்டியன், ரம்யா, ரெக்சன் என்று எல்லோரும் ஆலை அலுவலகத்தில் கூடினார்கள். சிலுவை அதற்குள் ஆய்வறை அலமாரியைக் குடைந்து, இறுக மூடிய ஒரு சீசாவோடு ஓடி வந்தார். உள்ளே பளிங்குபோலத் தெளிந்த நீர்.

“கையும் களவுமாப் பிடிச்சாச்சு! அக்கா கேன்ல இருந்து எடுத்து ஒளிச்சு வச்சிருக்காங்க!”

ரம்யாவின் முகம் வெளுத்தது. “முதலாளிதான் சோதிச்சுப் பாக்கச் சொன்னாரு” என்றாள். சங்கரபாண்டியன் தரையைப் பார்த்தார்.

“அசிங்கமான வேலைதான் அண்ணாச்சி” என்றார் உமாராணி. “ஆனா இந்த அசிங்கந்தான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்துது.”

சிலுவை வாயைப் பிளந்தார். “அதெப்படி மேடம்?”

“யோசிச்சுப் பாரும். ஆலையில இருக்கவங்க கண்டது கேன்ல வந்த தெளிஞ்ச தண்ணிய. அவங்க திருடியிருந்தா அந்தத் தண்ணியத்தான் சேர்த்திருப்பாங்க, யாருக்கும் கால் வெந்திருக்காது. போலியில கிடக்கது சுண்ணாம்பு. அதச் செஞ்சவரு வீட்டுக்குள்ள சுண்ணாம்பு போனதப் பாத்தவரு. வெளிய வந்தது தண்ணின்னு பாக்காதவரு. லேபிளும் டப்பாவும் கையில இருக்கவரு.”

யாரும் திரும்பிப் பார்க்கும் முன்பே ரெக்சன் சுவரோரம் குந்திவிட்டான்.

“கூடப் பொறந்தவன் மாதிரின்னு சொன்னீங்க மைனி. ஆனா ஒரு நாளாவது உள்ள விட்டீங்களா? மூட்ட தூக்குதவன் மாதிரி வாசல்லயே நிறுத்துனீங்க. நானும் ஒரு ஆளாகணும்னுதான்... சத்தியமா, தண்ணிய மட்டும்தான் எடுக்கணும்னு எனக்குத் தெரியாது.”

“ஏலே, என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?” பிளாரன்ஸ் கத்தினார்.

“கேட்டா சொல்லியிருப்பீங்களா?”

பிளாரன்ஸ் சொல்லியிருக்கமாட்டார், அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ரெக்சனைப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். ஓட்டப்பிடாரம் கடைகளில் அவன் போட்ட டப்பாக்களை வாரிக்கொண்டு வரச் சிலுவை வண்டியை எடுத்தார். துப்புத் துலங்கினால் ஊரைக் கூட்டிச் சொல்கிற மனிதர், அன்று டப்பாக்களை எண்ணுவதிலேயே குறியாக இருந்தார்.

பிளாரன்ஸ் உமாராணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். காத்து வைத்திருந்த கூட்டை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். இன்னும் எவள் காலில் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறதோ, அவளுக்காவது சிகிச்சை தெரிய வேண்டுமே. பிறகு வடிவம்மாளின் கட்டில் அருகே போய் நின்றார்.

“அது என் மருந்தில்ல தாயி. என் பேரைப் போட்டு வேற ஒருத்தன் வித்தது.”

வடிவம்மாள் போர்வையைச் சரிசெய்து காலை மூடிக்கொண்டாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்:

“பூசுன அன்னைக்கே எரிஞ்சுதும்மா. கழுவிரலாம்னுதான் எந்திரிச்சேன். டப்பாவுல உங்க பேரப் பாத்தேன். பிளாரன்ஸம்மா மருந்து தப்பாவுமான்னு, மேல இன்னும் கொஞ்சம் அள்ளிப் பூசிட்டுப் படுத்துட்டேன்.”