இணைப்பில்லாத தரை

சமையலறைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது.

பால் காய்ச்சிக்கொண்டிருந்த விஷாகா ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துக்கொண்டாள். வெளியே ஜெர்சி சிட்டி முழுக்கப் பனி. வீட்டு ஹீட்டர் மதியமே நின்றுவிட்டது. ஆனாலும் பாதத்துக்கு அடியில், யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்ததுபோல ஒரு சூடு.

"மாதவ், தரை சூடா இருக்கா உனக்கு?"

ஹாலில், தவழும் மகள் தென்றலுக்காகச் சோபாவில் போர்வை கட்டிக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்த கணவன் தலையை நீட்டினான். "கீழ் வீட்டு ஆன்ட்டி புண்ணியம். அவங்க ஹீட்டரை ஃபுல்லா வெப்பாங்க. நமக்கு ஃப்ரீ."

"விளையாடாதே."

"நிஜமாத்தான். நீ டிராவல் பண்ணின வாரம் பூரா வீடு சில்லுனு கிடந்துது. நீ வந்தே, வார்ம் ஆயிடுச்சு."

மற்ற நாளாக இருந்தால் அவள் கரண்டியோடு போய் அவன் தலையில் செல்லமாகத் தட்டியிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. பாலின் மணத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. புண்ணிலிருந்து பழைய கட்டுத்துணியைப் பிரிக்கும்போது எழுமே, அந்த வாடை. அது அவளுக்குத் தெரிந்த வாடை.

போன வாரம் ஆபீஸ் வேலையாகச் சீனாவில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தாள். கூட வேலை செய்யும் லின், கிளம்புகிற நாளில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனாள். நூலகம், ரயில் நிலையம், ஆற்றுப் பாலம் என்று ஊரெங்கும் வியந்து பார்த்து வந்தவளுக்கு, சதுக்கத்தின் நடுவே உரித்த முட்டைபோல் பளபளத்து நின்ற அந்தக் கட்டடத்தைக் கண்டதுமே வாயில் நீர் ஊறியது. வாந்திக்கு முன் ஊறும் நீர். உள்ளே ஜன்னல் இல்லை, மூலை இல்லை. சுவர் வழிந்து தரையாகி, தரை எழும்பிக் கூரையாகி, எதுவோ விழுங்கிய இரையாக அதன் வயிற்றுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

"ஒரு இணைப்புகூடக் கிடையாது," என்று லின் ஆங்கிலத்தில் பெருமையோடு சொன்னாள். "எங்கே தேடினாலும் கிடைக்காது."

வாசலில் ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளத் தடித்த உறை கொடுத்தார்கள். யார் யாரோ மாட்டிக் கழற்றியது. தரை அழுக்காகக் கூடாது, அவ்வளவுதானே? விஷாகா வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் செய்வதையே செய்தாள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே நடந்தாள்.

கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தொட்டதுபோல் இருந்தது. ஈரம். சூடு. அடியிலிருந்து அதே கட்டுத்துணி வாடை. காலை எடுத்தபோது தரை சின்னச் சத்தத்தோடு விட்டது.

காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. பாதங்களையே பார்த்தான். அவன் சொன்னது என்னவென்று லின் சொல்லவில்லை. திரும்பும்போது காரில் அவள் விஷாகாவை விட்டு விலகிக் கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் விஷாகாவின் உள்ளங்கால் வழவழப்பு போகவில்லை.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு மரப்பட்டி உண்டு. தாளிக்கும்போது தெறிக்கும் கடுகெல்லாம் அதன் இடுக்கில்தான் போய் மாட்டும். இப்போது பட்டி இல்லை. இடுக்கு இல்லை. தரை வெள்ளையாக வளைந்து சுவரில் ஏறியிருந்தது. ஒரே ஒரு கடுகு, தோலில் மச்சம்போலப் பாதி புதைந்து கிடந்தது. விரலால் தொட்டாள்.

அது உள்ளே போயிற்று.

வாசலுக்கு ஓடினாள். செருப்பே உள்ளே வராத வீடு இது. ஷூவை மாட்டிக்கொண்டாள். தென்றல்! பாதம் மட்டுமா? கை, முழங்கால், வயிறு, எல்லாம் தரையில் படத் தவழ்கிற குழந்தை.

"மாதவ், குழந்தையைத் தூக்கு! கீழ விடாதே!"

"ஷ்ஷ்! இப்பதான் தூங்கினா. ஐயோ, ஷூவோடயா உள்ள வரே? உங்கம்மா பார்த்தா அவ்ளோதான்."

"தூக்கு மாதவ்!"

"தூக்கறேம்மா, இரு." கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் எழ முயன்றான். முடியவில்லை. மறுபடி முயன்றான். "கால் மரத்துப்போச்சு போல."

அவன் பாதங்களை அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. மண்டியிட்டுப் போர்வையை விலக்கினாள். வாடை முகத்தில் அறைந்தது.

தென்றல் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கன்னம் தரையில். விஷாகா அந்தக் கன்னத்துக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தாள். விளிம்பு அகப்படவில்லை. தடவினாள். கன்னம். கன்னம். தரை. நடுவில் எதுவும் இல்லை.

குழந்தை மேலே தெரிந்த ஒரு கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் தரை முழுவதும் குலுங்கியது.