எட்டாவது உருண்டை

ஹெல்வே செய்தது ஏழு உருண்டைகள். தட்டில் எட்டு இருந்தன.

எஸ்டோனியாவில், தாலின் நகருக்கு வெளியே, கைவிடப்பட்ட மின்நிலையத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வேற்றுக்கிரகத்தார் விட்டுப்போன ஆபத்தான பொருள்களைத் திருடி விற்பவர்களைப் பற்றிய படம். ஆற்றில் மிதந்த வெள்ளை நுரையின் இனிப்பு வாடையும் துருவின் நெடியும் ஈரச் சுவர்களில் ஊறியிருந்த அந்தக் கூடத்தில், அந்தப் பொருள்களாகக் காட்ட அவள் வார்த்த சாம்பல் நிறக் கண்ணாடி உருண்டைகள் சில்லிட்டுக் கிடக்க, கூடுதலாக இருந்த ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை எடுக்கப் போனாள்.

"கைய எடு," என்றாள் காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் கலீனா. "நேத்து ஷாட்டுல எட்டும் விழுந்திருக்கு. இனி படம் முடியிற வரைக்கும் எட்டுதான்."

"அது நான் செஞ்சதில்ல."

"பிலிமுக்கு அதெல்லாம் தெரியாது தாயே."

விளக்குகளைச் சரிசெய்யும்வரை நடிகருக்குப் பதிலாக அந்த வெதுவெதுப்பான உருண்டையை ஏந்தி நிற்பது ஹெல்வேயின் கணவன் எண்டெலின் வேலை. மணிக்கணக்கில் நிற்பான். மூன்றாம் நாள் அவன் விரல்களின் நிழல் சுவரில் விழவில்லை. நான்காம் நாள், முழங்கைவரை இல்லை.

"வலிக்குதா?"

"உன் சமையலையே தாங்கிட்டேன். இது என்ன பெரிசு?"

அவள் சிரிக்கவில்லை. அன்றே அதைப்போல இன்னொன்றை வார்த்தாள். அதே சாம்பல், அதே கீறல். மாற்றிவைப்பது கலீனாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. நிறம் ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் மரத்தூள் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போனது. நிம்மதியில் அப்படியே மூடிவைத்தாள்.

காலையில் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன.

முகர்ந்தாள். எடை பார்த்தாள். காதில் வைத்தாள். எது அவளுடையது? வெளியே கலீனா கூப்பிட்டாள். ஹெல்வே ஒன்றை ஆற்றுப் பாலத்திலிருந்து நுரைக்குள் எறிந்தாள். மற்றது கையில்.

எண்டெல் வாங்கிக்கொண்டான். "இன்னைக்கு லேசா இருக்கே. நீ செஞ்சதா?" என்று கிசுகிசுத்தான்.

"ஆமா."

"கெட்டிக்காரிதான்."

"யாரும் அசையாதீங்க," என்றாள் கலீனா.

விளக்குகள் எரிந்தன.

சுவரில் சட்டையின் நிழல். காலருக்கு மேலே ஒன்றுமில்லை. எண்டெல் அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றான். இமைக்கவில்லை. சட்டையின் கைக்கு அப்பால், தனியாக, உருண்டையின் நிழல். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு மனித நிழல். இரண்டு கைகளாலும் உள்ளிருந்து அறைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். நிறுத்தாமல்.