பெடலில் ஒரு கால்

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டை காய்ந்தே கிடந்தது.

காலையில் மாப்பிள்ளை வேனைக் கொண்டுவந்து விட்டதும், மெக்கானிக் தன் கையாலேயே பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றி மூடினார். ஒழுகுவது எங்கே என்று அட்டையே காட்டிக்கொடுக்கட்டும் என்று புதிதாக ஒன்றை அடியில் செருகிவிட்டு மற்ற வண்டிகளைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு வேனை யாரும் தொடவில்லை. சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. இப்போது, கடையாட்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு, பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் டப்பாவில் ஆயில் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அட்டையில் பொட்டு ஈரம் இல்லை.

அட்டையை இழுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். அட்டை வாசனைதான் வந்தது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே தெரிந்த ஒரு துண்டுத் தெருவில் வெளிச்சம் மெல்ல மங்கிக்கொண்டிருக்க, கடைக்குள்ளே டியூப்லைட்டின் ஓயாத ரீங்காரமும், சரியாக மூடாத குழாயிலிருந்து வாளிக்குள் விழும் சொட்டுச் சத்தமும், பகலெல்லாம் சூடேறிய தகரக் கூரை குளிரும்போது எழுப்பும் முறுக்கல் ஒலியும், கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த அந்த வழக்கமான வாடையும் அவரைச் சுற்றி நின்றன. இந்தச் சத்தங்களுக்கு நடுவில் வாழ்ந்து பழகிய மனிதர் அவர். ஆனாலும் இன்றைக்கு ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் தலை திரும்பியது.

வேனின் மூக்கு உள்சுவரை ஒட்டியிருந்த வேலை மேசையைப் பார்த்து நின்றது. மேசைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். வண்டி கழுவும் தண்ணீர் வடிவதற்காகத் தரை மேசைப் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருந்தார்.

"மூணு கடை ஏறி இறங்கிட்டேன் மாமா. யாருக்கும் பிடிபடல," என்று காலையில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தான். "உங்களுக்குத்தான் தெரியும்னு தோணுச்சு."

"உள்ள விடுங்க மாப்பிள்ளை. பார்ப்போம்," என்றார் இவர். வாய்தான் வாங்க போங்க என்றது. மனசுக்குள் இவர் அவனை எத்தனை தடவை கொன்றிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

மகளின் உயிர் இந்த வேனில்தான் போனது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் பல நாள் இவன் டப்பாவில் ஆயிலை ஊற்றி ஊற்றியே ஓட்டியிருந்தான். எங்கே ஒழுகுகிறது என்று தேடவில்லை. ஒரு நாள் இவனுக்குக் காய்ச்சல். அன்றைக்கு அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மாமனாரே மெக்கானிக், அவரிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது இவன் வாயே திறக்கவில்லை. அவள் தானாக விரும்பிக் கட்டிக்கொண்டவன் என்பதால், கடைவாசலில் கால் வைக்காதே என்று அவனிடம் சொன்னவர் இவர்தான். அதை இவர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தாலும் அது வேறு விஷயம் என்று ஒதுக்கிவிடுவார்.

அவள் இருந்தவரை அவளிடமும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. ஆரம்பித்தால் போதும், மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். சாப்பிடும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒழுகல் தேடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பைப்பையும் நட்டுகளையும் துணியால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து எல்லாவற்றின் மேலும் தூவினார். ஈரம் எங்கே வந்தாலும் வெள்ளையில் கோடு விழும். காத்திருந்தார். கோடு விழவில்லை. இனிமேல் யாராவது உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்தினால்தான் தெரியும். இது ஒரு ஆள் வேலை இல்லை.

சின்ன வயதில் அதற்கு மகள்தான் ஆள். பொடிசு என்றுதான் அவளைக் கூப்பிடுவார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால்தான் கால் எட்டும். பானெட் தூக்கியிருப்பதால் அவர் அவளைப் பார்க்க முடியாது, அவளும் அவரைப் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான். இவர் மிதி என்பார். மிதிச்சாச்சுப்பா என்பாள். எடு என்றால்தான் எடுப்பாள். ஒரு தடவை இவர் எடு சொல்ல மறந்து டீ குடிக்கப் போய்விட, திரும்பி வரும் வரை கால் நடுங்க நடுங்க மிதித்துக்கொண்டே இருந்தாள்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பைப்பை விரலால் தடவியபடி, நினைவு வேறெங்கோ இருக்க, பழக்கதோஷத்தில் அவர் பல்லிடுக்கால் சொன்னார்.

"மிதி."

பெடல் கிறீச்சிட்டது.

டப்பாவில் ஆயில் மட்டம் மெலிதாக அசைந்தது. பைப் வந்து சேரும் நட்டின் ஓரத்தில், பவுடரின் வெள்ளையில், ஒரு முத்து அளவுக்கு ஈரம் துளிர்த்தது. துளிர்த்து, கீழே சொட்டாமல், பைப்பின் அடிப்புறமாகவே பின்னோக்கி ஓடி, எஞ்சினுக்குப் பின்னால் சத்தம் வராமலிருக்க ஒட்டியிருந்த கம்பளிக்குள் போய் மறைந்தது.

டார்ச் அவர் வாயிலிருந்து விழுந்தது.

"எடு," என்றார். குரல் வெளியே வரவே இல்லை.

பெடல் மேலே வந்தது. துளிர்ப்பு நின்றது.

அவர் பக்கவாட்டில் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கதவு பூட்டித்தான் இருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சீட்டில் மட்டும் ஒரு பள்ளம். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி, அந்தப் பள்ளம் மெதுவாக, மிக மெதுவாக, நிரம்பி மேலே வந்தது.

ஓடியிருக்கலாம். ஷட்டர் நாலடி தூரத்தில் இருந்தது. ஆனால் கை தானாகப் போய்க் கம்பளியை அழுத்தியது. பஞ்சைப் பிழிந்தது போல் ஆயில் வழிந்தது. தரை நனையாததற்குக் காரணம் இதுதான். மூன்று கடைக்காரனும் தரையைப் பார்த்திருக்கிறான், கம்பளியைப் பார்க்கவில்லை. நட்டை ஒரு இறுக்கு இறுக்கினால் வேலை முடிந்தது. மிதித்தால் மட்டும் ஒழுகுகிற லீக்.

மிதித்தால் மட்டும்.

அப்படியானால் பகல் முழுக்க உள்ளே யார் மிதித்துக்கொண்டிருந்தது?

"பொடிசு," என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "நீயாம்மா?"

ஷட்டர் தடதடத்தது. மாப்பிள்ளை குனிந்து உள்ளே வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் வந்ததும் பூட்டிய வண்டிக்குள் சீட்டு ஸ்பிரிங் லேசாக முனகியது. அவன் கவனிக்கவில்லை. இவர் கவனித்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா மாமா?"

"பிடிச்சாச்சு மாப்பிள்ளை. பத்து நிமிஷ வேலை."

"நாளைக்கு மலைக்குப் போகணும். அம்மா பார்த்திருக்கிற பொண்ணு வீட்டுக்கு." அவன் இவர் முகத்தைப் பார்க்காமல் வேனின் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். "எனக்கு இஷ்டமே இல்ல மாமா. அம்மாதான் விடல. உங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னு..."

"செய்யுங்க. வாழ வேண்டிய வயசு."

அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, முகம் மாறி, ஷட்டருக்கு வெளியே போனான். அவன் மெதுவாகத்தான் பேசினான், ஆனால் காலியான தெருவில் எல்லாம் கேட்டது. வண்டி ரெடியாயிடுச்சு. நாளைக்கு நானே வர்றேன். இல்ல, முன்னாடி சீட்லயே உக்காரலாம். பிறகு சிரித்தான்.

மெக்கானிக் துடைத்த துணியை மேசைமேல் எறிந்தார். என் பிள்ளை மண்ணுக்குள் போய் வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, இவனுக்குச் சிரிப்பு வருகிறது. அதே வண்டி. அதே சீட்டு. அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. பகலெல்லாம் மிதித்து மிதித்து எதைக் காட்டினாள் என்றும் புரிந்துவிட்டது. பயம் இருந்த இடத்தில் ஒரு விதமான சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

பழைய வண்டி. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பைப்தான். ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினார். இறுக்கும் பக்கம் திருப்பவில்லை. மறுபக்கம் திருப்பினார். கொஞ்சமாக. டவுனுக்குள் தாக்குப்பிடிக்கும். மலையிலிருந்து இறங்கும்போது, நாலைந்து தடவை நன்றாக மிதித்த பிறகு...

பெடல் கிறீச்சிட்டது. அவர் சொல்லவில்லை.

"இருடா கண்ணு. அவசரப்படாத."

மறுபடி கிறீச். மறுபடி. வேகமாக. நட்டைச் சுற்றி ஆயில் கொப்பளித்து அவர் விரல்களில் வழிந்தது. எவ்வளவு கோபம் அவளுக்கு என்று நினைத்தார். நியாயமான கோபம். அவள் அப்பாவின் கோபம்.

"அவன் நல்லா இருக்க மாட்டான்மா. அப்பா பார்த்துக்கறேன்." இன்னும் கொஞ்சம் திருப்பினார். "உனக்காகத்தான்."

பெடல் நின்றது.

எல்லாமே நின்றது. குழாய்ச் சொட்டுகூடக் கேட்கவில்லை. டியூப்லைட் ரீங்காரம் இல்லை. பவுடர் வாசனை மட்டும். அது எஞ்சினிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்தது. அதோடு சேர்ந்து, ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் அன்றைக்கு அடித்த மருந்து நெடி.

"பொடிசு?"

கர்ரக். ஒரு சின்னச் சத்தம். அவருக்குத் தெரியாத சத்தம் வண்டியில் கிடையாது.

ஹேண்ட் பிரேக்.

வண்டி நகர்ந்தது. மெதுவாக. பம்பர் அவர் முழங்கால்களைத் தொட்டது. பின்னால் வேலை மேசை. பக்கவாட்டில் நழுவப் பார்த்தார். கால் மாட்டிக்கொண்டது.

"மிதி," என்றார். "மிதிம்மா."

பெடல் இறங்கியது. அவர் திறந்துவிட்ட நட்டிலிருந்து ஆயில் பீய்ச்சி முகத்தில் அடித்தது. வண்டி நிற்கவில்லை. கால் எலும்பு எங்கோ முறிந்தது. கண்ணெரிச்சலோடு ஸ்பேனரைத் தேடினார். நட்டை இறுக்கிவிட்டால் போதும். ஒரு சுற்று. ஸ்பேனர் வழுக்கியது. விழுந்தது.

"நல்லா மிதி. அப்பா இருக்கேன்ல. மிதி."

"மிதிச்சாச்சுப்பா."

அதே குரல். அவசரமே இல்லாத குரல்.

கத்த முயன்றார். மூச்சு இல்லை. தாங்குகம்பி நழுவி, பானெட் அவர் இரண்டு கைகளின் மேலும் விழுந்து மூடியது. நடுவில் மறைப்பு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீட்டு தெரிந்தது.

அவள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது எப்படி இருந்தாளோ அப்படி. ஒரு கை, இறக்கிவிட்ட ஹேண்ட் பிரேக்கின் மேல். பார்வை காலடியில். பெடல் தரையில் போய் இடித்தது. ஒவ்வொரு இடிப்புக்கும் ஆயில் குறைந்தது. ஒவ்வொரு இடிப்புக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

வெளியே மாப்பிள்ளை மறுபடி சிரித்தான். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பி, ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கால் மட்டும் நிற்கவில்லை. மிதித்தாள், எடுத்தாள், மிதித்தாள்.