கழுவிய சீசா

எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு ராயபுரம் கடலோர வீடுகளுக்குக் குடிவர ஆள் இல்லை. பாதிப் பேர் இன்னும் கடலைப் பார்த்தாலே மிரண்டார்கள். அதனால்தான் தேவப்பிரியத்துக்கு அந்தப் பழைய மாடி சல்லிசாகக் கிடைத்தது. ஒரு மழைக்கால முன்பகலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவை ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, பிறகு வைக்கோலில் புதைத்த சீசாக்கள். எல்லாமே வாசனைத் தைலம் தீர்ந்துபோன காலிச் சீசாக்கள். வண்டிக்காரன் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையே என்று சிரித்தான். தேவப்பிரியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை. கீழ்த்தளத்துக் கயிற்றுக் கிடங்கைச் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனால், அந்தக் கட்டடத்தில் மூச்சு விடுகிறவர் அவர் ஒருவர்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் பாடிய பாட்டைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சத்தமே வந்திருக்காது. மீதி நேரமெல்லாம் சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

புதிதாக ஒன்று வாங்கினால் அன்றைக்கே கழுவிவிடுவது அவர் வழக்கம். வெந்நீரோடு ஒரு பிடி அரிசியைப் போட்டு, கண்ணாடி பளிச்சென்று ஆகும்வரை குலுக்குவார். அடியில் ஒட்டியிருப்பது எதுவானாலும் அவருக்கு அது அழுக்கு. சீசா சேர்க்கிறவர்களின் கண் அப்படி, கண்ணாடிதான் தெரியும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சௌக்கத் அலி ஒருநாள் மடியிலிருந்து நீலச் சீசா ஒன்றை எடுத்துக் காட்டினான். தூரதேசத்துச் சரக்கு. கழுத்தில் வெள்ளிப்பூண், அடியில் துளி அத்தர். வீட்டில் யாருக்கும் வேண்டாமா என்று இவர் ஒப்புக்குக் கேட்டார். கண்ணுக்கு மறைவாகப் போனால் போதும் என்றான் அவன். நல்ல சீசா கைக்கு வரும்போது அதற்குமேல் யார் கேட்கிறார்கள்? வாங்கிவந்து, வழக்கம்போலக் கழுவி, கழுவிய தண்ணீரைப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டினார்.

வாசனை மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஓய், மாப்பிள்ளைக் களை வந்துவிட்டதே என்று கேலி செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். கதவைத் தாழிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் கடல் நாற்றம் வந்தது. ராயபுரத்தில் அது புதிதல்ல. ஆனால் எப்போதும் ஜன்னல் வழியாக வரும்.

இது படிக்கட்டு வழியாக வந்தது.

பிறகு காலடிச் சத்தம். ஈரத்துணி இழுபடுவது போல, நின்று நின்று படியேறியது.

“யாரு?”

தாழ் போட்டது போட்டபடி இருந்தது. காலடி மட்டும் உள்ளே வந்துவிட்டது.

கட்டிலின் ஓரம் மெல்ல அமிழ்ந்தது, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் அமிழ்வது போல.

“ஜெரினா.”

ஆண் குரல். காதோரம். ரொம்பக் களைத்துப்போன குரல்.

அவருக்கு ஜெபம்கூட வரவில்லை. வெளியே இருட்டு முற்றியதும் பாரம் எழுந்து போயிற்று. தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

மறுநாள் ஜெரினா யார் என்று கேட்டதும் சௌக்கத் அலி தலைமூட்டையைக் கீழே போட்டுவிட்டான். அவனுடைய தங்கை. அவள் புருஷன் மஜீது கப்பலில் வேலை பார்த்தவன். சண்டையில் கப்பலோடு போய்விட்டான். உடலும் கிடைக்கவில்லை, அடக்கமும் இல்லை. அவன் ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் பூசிக்கொள்ளும் அத்தர்தான் அந்தச் சீசாவில் இருந்தது. தங்கை அதை வைத்துக்கொண்டு செய்வதைப் பார்க்கப் பயந்து, அவளுக்குத் தெரியாமல் எடுத்து விற்றிருக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல் சாய்கிற வேளையில் அவளைக் கூட்டிவந்தான். அவன் மேலே வர மறுத்துத் தெருவிலேயே நின்றுகொண்டான்.

முப்பது வயதிருக்கும் அவளுக்கு. சுவர் நிறையச் சீசாக்கள் இருந்தும் நீலத்தை ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

“சீசா உங்ககிட்டயே கெடக்கட்டும் ஐயா,” என்றாள். “அதுக்குள்ள இருந்தத மட்டும் குடுத்துடுங்க.”

கழுவிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் அழவில்லை. காலிச் சீசாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பதமாக மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அதை ஒரு நிமிஷம் திறந்து வைப்பாளாம். அவன் வந்து பக்கத்தில் உட்காருவானாம். கையைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவானாம். அவ்வளவுதான்.

“கடல்ல ஏது ஐயா வழி. வாசனைய புடிச்சிகினுதான் வூட்டுக்கு வந்துகினு இருந்தாரு. போன வாரம் வரல.”

அவன் எங்கே வந்தான் என்று தேவப்பிரியம் சொன்னார். அவள் முகத்தில் ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. விளக்கு வைக்கும்வரை இருக்கட்டுமா என்று கேட்டாள். அவளைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் தள்ளிப் போய்ச் சீசாக்களின் பக்கம் நின்றார்.

துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் சத்தம் அடங்கியது.

படியில் ஈரக் காலடி.

அவள் எழுந்து நின்றாள். “நான் இங்க கீறேன்,” என்றாள், மெதுவாக.

காலடி அவளைத் தாண்டியது.

நிற்கவே இல்லை. நேராகத் தேவப்பிரியத்திடம் வந்தது. உப்பு நாற்றம் அவர் முகத்தில் அடித்தது.

“ஜெரினா,” என்றது அவர் காதில்.

பிறகு, அத்தர் வாசனை போகாத அவர் வலது கையை, சில்லென்று விரல்கள் பற்றிக்கொண்டன.

அவருக்கு அலற வேண்டும்போல் இருந்தது. கையை இழுக்கப் போனார். அவருடைய சட்டைக்கை நனைவதை அவள் பார்த்துவிட்டாள். கிட்டே வந்தாள். அவர் உள்ளங்கைக்கு மேல் வெற்றிடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

“புடிச்சிகினு கீறாரா?”

தலையாட்டினார்.

“உதறிடாதீங்க ஐயா,” என்றாள். “அவரு வர்றதுக்கு வேற எடம் இல்ல.”

அவர் உதறவில்லை. ஈரம் முழங்கைவரை ஏறிக்கொண்டிருந்தது. ஜெரினா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, தன் பெயர் இன்னொரு தரம் கேட்கிறதா என்று காத்திருந்தாள்.