மூடாத இடக்கண்

"யோவ்! பாவுக்குள்ள பூந்து வர்றியே... கண்ணு தெரியல?"

தெரிந்தது. தூறலில் நனைந்த இரண்டு பெரிய கண்கள்... அவற்றில் ஒன்று அவனைப் பார்த்துப் பட்டென்று மூடித் திறந்தது! வேலூர் தருமாஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வேலை பார்க்கும் ஜெயவேலுக்கு உடம்பே சிலிர்த்தது. ஆரணித் தெருவில், பட்டப்பகலில், ஒரு பெண் கண்ணடிப்பாளா?

"பல்ல இளிச்சிகினு நிக்காத. அந்த முனையப் புடி, ஜல்தி!"

கன்னியம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் நீளமாக விரித்திருந்த கூறைப்புடவைப் பாவு நூல் நனைந்தால் அப்பாவின் உழைப்பெல்லாம் பாழ். ஆனால் அதைத் தொட அவளுக்குத்தான் தடை. காதுவலி வந்து முகம் கோணிய நாள் முதல், பேய் அறைந்தவள் கல்யாணப் பட்டைத் தொடக்கூடாதென்று தறியைவிட்டே விரட்டியிருந்தார்கள். தொட்டால் என்ன செய்துவிடுவார்களாம்... பார்த்துவிடலாம்!

ஜெயவேலும் போளூர்த் தறிக்காரர் மகன்தான். இழை சிக்காமல் சுருட்டி, அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தான்.

"எதுக்கு என்னப் பாத்துக் கண்ணடிச்ச?"

"நானா? தூ! இடக்கண்ணு மூட மாட்டேங்குது. வலது மட்டுந்தான் மூடுது. பேய் அறைஞ்சிடுச்சாம்."

சிரித்தாள். பாதி உதடுதான் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. காதாண்ட முகத்து நரம்பு வீங்கியிருக்கு. வீக்கம் வத்தினா மொகம் பழையபடி திரும்பும்."

"திரும்பலன்னா?"

"என்ன இப்போ? தறி நெய்யிறது கையா, மூஞ்சியா?"

இத்தனை நாளில் ஒருவரும் இதைக் கேட்கவில்லையே... அவள் இடக்கண் பொலபொலவென்று வழிந்தது. வலக்கண்ணும்தான்.

அதற்குள் சேதி கேட்டு அப்பா சுப்பராயலு, வேப்பிலைக் கொத்தோடு பூசாரியை இழுத்து வந்துவிட்டார். பின்னாலேயே தெருவும் கூடியது.

"கூறைப் பாவத் தொட்டியாடி? உக்காரு, பேய ஓட்டணும்!"

"நான் தொடலன்னா அது சேத்துல கெடந்திருக்கும்பா. எனக்கு நரம்பு வீக்கம். பேயில்ல."

சொன்னவள் விறுவிறுவென்று போய், அவர் கண்ணெதிரிலேயே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள். பூசாரி கையிலிருந்த வேப்பிலை அப்படியே நின்றது.

"இந்த மூஞ்சிய எவன்டி கட்டுவான்?" அப்பாவின் குரல் உடைந்தது.

"நான் கட்டிக்கிறேங்க," என்றான் ஜெயவேல். "திரும்புற வரைக்கும் காத்துகினு இருக்க மாட்டேன். இதே மொகத்தோட..."

கன்னியம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னிலையிலும் வலக்கண்ணை மெல்ல மூடி, மெல்லத் திறந்தாள்.

"தெருவுல அது தானா மூடிச்சுங்க... இப்ப நான் மூடினேன்."